பிள்ளையும் தொழிலும் ஒரே வீட்டில்: உங்க போனை உதவிக்கு வைத்துக்கொள்ள 7 பாடங்கள்

வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறீங்களா? இட்லி மாவு, பருப்புப் பொடி, முறுக்கு செய்து கொடுக்கிறீங்களா? மாலையில் டியூஷன் எடுக்கிறீங்களா? கூடவே வீட்டில் ஸ்கூல் போகிற பிள்ளையோ, கைக்குழந்தையோ இருக்கா? அப்படியென்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். அம்மா, அப்பா யார் படித்தாலும் பயன்படும்.

வீட்டுத் தொழில் செய்கிற பலருக்கும் வேலை தெரியும், வாடிக்கையாளரும் இருப்பார்கள். சிக்கல் இடையில் வருகிறது. பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது "அக்கா, என் ஜாக்கெட் ரெடியா?" என்று போன் வரும். அட்வான்ஸ் கொடுத்தது யார், பாக்கி வைத்தது யார் என்பது காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கிடக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் நாலு ஆர்டர் தள்ளிப்போகும். மாசக் கடைசியில் கையில் எவ்வளவு நின்றது என்று கேட்டால் பதில் இருக்காது.

இதற்கெல்லாம் விலை உயர்ந்த சாப்ட்வேர் தேவையில்லை. உங்க ஸ்மார்ட்போனில் ஏற்கனவே இருக்கிற ஆப்களும், இலவசமாகக் கிடைக்கிற ஒன்றிரண்டு ஆப்களும் போதும். புரிவதற்காக, வீட்டில் தையல் வேலை செய்யும் ஓர் அம்மாவை உதாரணமாக வைத்துப் பாடங்களைப் பார்ப்போம். உங்க தொழில் வேறாக இருந்தால் 'ஜாக்கெட்' என்கிற இடத்தில் உங்க பொருளைப் போட்டுக்கோங்க.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். வாரத்துக்கு ஒரு பாடம் என்று எடுத்தால் இரண்டு மாதத்துக்குள் முடித்துவிடலாம்.

பாடம் 1: தொழிலுக்கு ஒரு தனி வாட்ஸ்அப்

சொந்தக்காரர்கள் குரூப், ஸ்கூல் பெற்றோர் குரூப், வாடிக்கையாளர் மெசேஜ் எல்லாம் ஒரே வாட்ஸ்அப்பில் வந்தால் ஆர்டரும் தொலையும், ஸ்கூல் அறிவிப்பும் தொலையும். முதல் வேலை இரண்டையும் பிரிப்பது.

'வாட்ஸ்அப் பிசினஸ்' என்று ஓர் ஆப் இருக்கிறது. பிளே ஸ்டோரில் இலவசம். சாதாரண வாட்ஸ்அப் மாதிரியேதான் இருக்கும், தொழிலுக்குத் தேவையான சில வசதிகள் கூடுதலாக இருக்கும். ஒரு விஷயம் முக்கியம். ஒரே எண்ணில் இரண்டு வாட்ஸ்அப்பும் ஓடாது. உங்க போனில் இரண்டு சிம் இருந்தால், ஒன்றில் குடும்ப வாட்ஸ்அப்பும் இன்னொன்றில் தொழில் வாட்ஸ்அப்பும் வையுங்க. வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் தெரிந்த பழைய எண்ணைத் தொழிலுக்கு விட்டுவிட்டு, வீட்டுக்குப் புது எண் வாங்குவது பல பேருக்குச் சுலபமாக இருக்கும்.

ஆப் போட்டதும் மூன்று விஷயங்களை நிரப்புங்க:

1. தொழில் விவரம்: பெயர், என்ன வேலை, எந்தக் கிழமை, எந்த நேரம். வீட்டு முகவரியை முழுசாகப் போட வேண்டிய கட்டாயம் இல்லை. ஊர் அல்லது ஏரியா பெயர் போதும். ஆர்டர் உறுதியான பிறகு லொகேஷன் அனுப்பலாம்.

2. கேட்டலாக்: நீங்க செய்கிற வேலைகளைப் படமும் விலையும் போட்டு அடுக்குகிற இடம். சாதா ஜாக்கெட், லைனிங் ஜாக்கெட், சேலைக்கு ஃபால்ஸ், பிக்கோ, சுடிதார் என்று ஐந்தாறு போட்டாலே போதும். "எவ்வளவுக்கா?" என்று கேட்பவருக்கு ஒரே தட்டில் அனுப்பிவிடலாம்.

3. லேபிள்: ஒவ்வொரு வாடிக்கையாளரின் சாட்டுக்கும் ஒரு குறிச்சீட்டு ஒட்டுவது மாதிரி. 'புது ஆர்டர்', 'தைக்கிறேன்', 'ரெடி', 'பாக்கி' என்று நாலு போதும். ஆப்பின் பதிப்பைப் பொறுத்துப் பெயர் கொஞ்சம் மாறலாம், வேலை ஒன்றுதான். ராத்திரி பிள்ளை தூங்கினதும் 'ரெடி' என்கிற லேபிளைத் திறந்தால், நாளைக்கு யாருக்குச் சொல்ல வேண்டும் என்று பட்டியல் வந்து நிற்கும்.

பாடம் 2: பதில் சொல்லும் வேலையை ஆப்பிடம் விடுங்க

ஒரு நாளில் வருகிற மெசேஜில் பாதிக்கு மேல் ஒரே கேள்விகள்தான். விலை என்ன, எத்தனை நாள் ஆகும், வீடு எங்கே, ஜிபே இருக்கா. ஒவ்வொரு முறையும் டைப் பண்ண வேண்டாம். வாட்ஸ்அப் பிசினஸில் 'குவிக் ரிப்ளை' என்ற வசதியில் பதில்களை ஒருமுறை எழுதி வைத்தால், சாய்வுக்கோடு ஒன்றைத் தட்டியதும் அந்தப் பதில்கள் வரிசையாக வரும். வேண்டியதைத் தொட்டு அனுப்பினால் முடிந்தது.

இன்னொன்று 'அவே மெசேஜ்'. நீங்க பதில் சொல்ல முடியாத நேரத்தில் ஆப் தானாகவே பதில் அனுப்பும். எந்த நேரத்தில் அனுப்ப வேண்டும் என்று நீங்களே குறித்து வைக்கலாம். பிள்ளையோடு இருக்கிற நேரத்துக்கு இது பெரிய துணை. கீழே உள்ளதை அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாம்:

அவே மெசேஜ்: "வணக்கம்! மாலை 4 முதல் 7 மணி வரை பிள்ளைகளோடு இருப்பேன். உங்க மெசேஜை 7 மணிக்கு மேல பார்த்துப் பதில் சொல்றேன். விலைப் பட்டியல் வேணும்னா மேலே இருக்கிற கேட்டலாக்கைப் பாருங்க. நன்றி."

ஆர்டர் உறுதி: "உங்க ஆர்டரைக் குறிச்சுக்கிட்டேன். வேலை: ___. மொத்தம்: ___. அட்வான்ஸ்: ___. கொடுக்கும் தேதி: ___. அளவு ஜாக்கெட்டையும் துணியையும் காலை 10 முதல் 12 மணிக்குள்ள கொடுத்துடுங்க."

தள்ளிப்போனால்: "மன்னிக்கணும், வீட்டில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை. உங்க துணி ___ தேதி ரெடியாகும். அதுக்கு முன்னாடி அவசரம்னா இன்னைக்கே சொல்லுங்க."

மூன்றாவது மெசேஜைக் கவனிங்க. அதை அனுப்பக் கூச்சப்பட்டுத்தான் பலர் போனை எடுக்காமலே விட்டுவிடுகிறார்கள். வாடிக்கையாளருக்குக் கோபம் வருவது அங்கேதான். முன்கூட்டியே தேதி மாற்றிச் சொன்னால் பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்வார்கள். கல்யாணத்துக்குக் கட்ட வேண்டிய சேலையின் ஜாக்கெட்டாக இருந்தால், வேறு ஏற்பாடு செய்துகொள்ள அவர்களுக்கும் நேரம் கிடைக்கும்.

டைப் பண்ணவே நேரம் இல்லையா? போன் கீபோர்டில் தமிழ் மொழியைச் சேர்த்து, மைக் படத்தைத் தொட்டுப் பேசினால் அதுவே தமிழில் எழுதிவிடும். அனுப்பும் முன் ஒருமுறை படித்துப் பாருங்க. குறிப்பாகத் தேதியையும் தொகையையும்.

இன்னொரு சின்ன அமைப்பு. போனில் 'டூ நாட் டிஸ்டர்ப்' போட்டால் எல்லா அழைப்பும் அமைதியாகிவிடும் என்று பயப்பட வேண்டாம். அதிலேயே விதிவிலக்கு வைக்கலாம். ஸ்கூல் எண், வகுப்பு ஆசிரியர், வேன் ஓட்டுநர், வீட்டுக்காரர், அம்மா ஆகியோரை 'ஃபேவரிட்' பட்டியலில் சேர்த்து, அவர்கள் அழைப்பு மட்டும் ஒலிக்கிற மாதிரி வையுங்க. தைக்கும் நேரத்தில் கவனம் சிதறாது. ஸ்கூலிலிருந்து வருகிற அழைப்பும் தவறாது.

பாடம் 3: பிள்ளைக்கும் ஆர்டருக்கும் ஒரே காலண்டர்

உங்க போனில் கூகுள் காலண்டர் பெரும்பாலும் ஏற்கனவே இருக்கும். அதில் முதலில் ஆர்டரைப் போடாதீங்க. பிள்ளையின் தேதிகளை முதலில் போடுங்க: தேர்வு நாட்கள், பெற்றோர் கூட்டம், தடுப்பூசி தேதி, பள்ளி விடுமுறை. பிறகு மிச்சம் இருக்கிற இடத்தில் ஆர்டர் தேதிகள். இரண்டுக்கும் வேறு வேறு நிறம் கொடுங்க. பார்த்தவுடனே எந்த வாரம் நெருக்கடி என்று தெரிந்துவிடும்.

நம்ம ஊர் கணக்கை நினைத்துப் பாருங்க. காலாண்டுத் தேர்வு முடிந்து கொஞ்ச நாளில் தீபாவளி. தையல் வேலைக்கும் பலகாரத்துக்கும் ஆர்டர் குவிகிற அதே சமயத்தில்தான் பிள்ளைகளுக்கு லீவு விட்டு வீட்டில் இருப்பார்கள். இதைக் காலண்டரில் முன்னாடியே பார்த்துவிட்டால், எந்தத் தேதிக்கு மேல் ஆர்டர் எடுக்கக் கூடாது என்று முடிவு செய்யலாம்.

எத்தனை ஆர்டர் எடுக்கலாம் என்பதற்கு ஒரு எளிய கணக்கு:

பிள்ளை ஸ்கூலில் இருக்கும்போது உங்களுக்கு நிஜமாகவே கிடைக்கிற தையல் நேரம் ஒரு நாளைக்கு 4 மணி என்று வைப்போம். வாரம் 5 நாளுக்கு 20 மணி. அதில் 4 மணியைக் காய்ச்சல், கரண்ட் கட், திடீர் விருந்தாளி என்று ஒதுக்கிவிடுங்க. மிச்சம் 16 மணி. ஒரு லைனிங் ஜாக்கெட்டுக்கு 2 மணி ஆகும் என்றால் வாரத்துக்கு 8 ஜாக்கெட்தான். ஒன்பதாவதாக வருகிறவருக்கு அடுத்த வாரத் தேதி.

இந்த எண்கள் உதாரணத்துக்குப் போட்டவை. உங்க நேரத்தை ஒரு வாரம் குறித்துப் பார்த்து, உங்க கணக்கைப் போடுங்க. கையில் எண் இருந்தால் "முடியாது" என்று சொல்வது சுலபம். "இந்த வாரம் நிறைஞ்சிடுச்சுக்கா, வர்ற வியாழக்கிழமை தர்றேன்" என்று தைரியமாகச் சொல்லலாம்.

காலண்டரை வீட்டுக்காரரின் போனோடும் பகிர்ந்து வையுங்க. கூகுள் காலண்டரில் இந்த வசதி இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஒருமுறை திறந்து பகிர்ந்தால் போதும், அப்புறம் இருவர் போனிலும் தெரியும். "வெள்ளிக்கிழமை எனக்கு மூணு டெலிவரி இருக்கு, பாப்பாவை நீங்க கூட்டிட்டு வந்துடுங்க" என்று ஒவ்வொரு தடவையும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. பிள்ளை வளர்ப்பு ஒருவர் தலையில் மட்டும் நிற்காமல் இருக்க இதுவும் ஒரு வழி.

பாடம் 4: வீட்டுப் பணம் வேறு, தொழில் பணம் வேறு

முடிந்தால் தொழிலுக்கு என்று ஒரு தனி வங்கிக் கணக்கு தொடங்குங்க. குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு என்று முதலிலேயே வங்கியில் கேட்டுக்கோங்க. அந்தக் கணக்குக்கு யூபிஐ க்யூஆர் வாங்கி, வாடிக்கையாளர் எல்லாரும் அதிலேயே கட்டும்படி செய்யுங்க. வாடிக்கையாளர் தன் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பும் சாதாரண யூபிஐ பணத்துக்கு உங்களிடம் கட்டணம் எடுக்கக் கூடாது. ஆனால் சவுண்ட் பாக்ஸ் வைத்தால் மாத வாடகை இருக்கலாம். கேட்டுவிட்டு வாங்குங்க.

தனிக் கணக்கு எதற்கு? மூன்று காரணம்.

ஒன்று, லாபம் தெரியும். ஒரே கணக்கில் வந்தால் ஜாக்கெட் காசும் கேஸ் சிலிண்டர் காசும் கலந்துவிடும்.

இரண்டு, கடன். முத்ரா திட்டத்தில் 'சிஷு' பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் கேட்கலாம். ஓவர்லாக் மிஷின், பெரிய கிரைண்டர் மாதிரி ஏதாவது வாங்க நினைக்கும்போது, உங்க தொழிலில் பணம் வந்து போனதற்கு வங்கி ஸ்டேட்மென்ட்தான் சாட்சி.

மூன்று, வரி பற்றிய குழப்பம் வராது. 2025இல் கர்நாடகத்தில் யூபிஐ வரவை வைத்துச் சிறு கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போனது நினைவிருக்கலாம். அந்தச் செய்தியைப் பார்த்து "இனிமே கேஷ்தான்" என்று க்யூஆரைக் கழற்றியவர்களும் உண்டு. பயம் தேவையில்லை. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான், சேவை செய்பவருக்கு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். பணம் கேஷாக வந்தாலும் யூபிஐயில் வந்தாலும் வரம்பு ஒன்றுதான். வெளி மாநிலத்துக்கு அனுப்புவது, ஆன்லைன் விற்பனைத் தளங்களில் விற்பது ஆகியவற்றுக்கு விதி வேறு மாதிரி, தொடங்கும் முன் ஒரு கணக்காளரிடம் கேளுங்க. தனிக் கணக்கு இருந்தால், அண்ணன் அனுப்பின பணமும் சீட்டுப் பணமும் விற்பனையோடு சேராது. யாராவது கேட்டால் கணக்கைக் காட்டிவிடலாம்.

பாடம் 5: தினம் ஐந்து நிமிஷக் கணக்கு

கூகுள் ஷீட்ஸ் இலவசம். பயமுறுத்துகிற மாதிரி தெரிந்தாலும் கட்டம் போட்ட நோட்டுதான் அது. மேல் வரிசையில் இந்த எட்டுத் தலைப்பை எழுதுங்க:

தேதி | பெயர் | வேலை | மொத்தம் | அட்வான்ஸ் | பாக்கி | கொடுக்கும் தேதி | முடிந்ததா

பாக்கிக் கட்டத்தில் 'மொத்தம் கழித்தல் அட்வான்ஸ்' என்ற சூத்திரத்தை ஒருமுறை போட்டுக் கீழே இழுத்துவிட்டால், அப்புறம் அதுவே கணக்குப் போடும். சூத்திரம் போடத் தெரியாவிட்டால் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு படிக்கிற உங்க பிள்ளையிடம் கேளுங்க. பெரும்பாலும் அவங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்க தொழிலில் அவங்களுக்கும் ஒரு பங்கு இருப்பதாக உணர்வார்கள்.

இரண்டாவது பக்கத்தில் செலவு: நூல், கொக்கி, லைனிங் துணி, கரண்ட், மிஷின் ரிப்பேர், ஆட்டோ. எழுத நேரம் இல்லாத நாளில் பில்லைப் போட்டோ எடுத்து உங்க எண்ணுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்க. ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக ஏற்றலாம்.

இந்தக் கணக்கு எதற்கு உதவும் என்று ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு லைனிங் ஜாக்கெட்டுக்கு 250 ரூபாய் வாங்குகிறீங்க. லைனிங் துணி 60, நூலும் கொக்கியும் 15, கரண்ட் 5. ஆக 80 ரூபாய் செலவு. மிச்சம் 170. வேலை 2 மணி நேரம். அதாவது மணிக்கு 85 ரூபாய். இப்போது ஒருவர் "அவசரம், நாளைக்கே வேணும், அதே 250தான் தருவேன்" என்கிறார். அதற்காக ராத்திரி பதினொரு மணி வரை உட்கார வேண்டும், பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர முடியாது. மணிக்கு 85 ரூபாய்க்கு அந்த ராத்திரியைக் கொடுக்கலாமா என்பதை இப்போது நீங்க யோசித்து முடிவெடுக்கலாம். அவசர வேலைக்கு 75 ரூபாயோ 100 ரூபாயோ கூடுதல் என்று கேட்டலாக்கிலேயே எழுதி வைத்துவிட்டால் பேரம் பேசும் சங்கடமும் இல்லை.

இதெல்லாம் உதாரண எண்கள்தான். உங்க ஊர் விலையைப் போட்டுப் பாருங்க. மணிக் கூலி எவ்வளவு வருகிறது என்று தெரிந்தால் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும்.

பாக்கி கேட்பது இன்னொரு சங்கடம். தெருவில் தினம் பார்க்கிற முகம், எப்படிக் கேட்பது? முதலிலேயே அட்வான்ஸ் பாதி என்று விதி வையுங்க. கொடுக்கும் நாளில் "உங்க ஜாக்கெட் ரெடி, பாக்கி 125 ரூபாய்" என்று ரெடி மெசேஜிலேயே தொகையைப் போட்டு, கூடவே க்யூஆர் படத்தையும் அனுப்பிவிடுங்க. வாய் திறந்து கேட்க வேண்டிய அவசியமே வராது.

பாடம் 6: பிள்ளை கையில் தொழில் போன்

சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் போன் நம்ம கையில் மட்டும் இருக்காது. கார்ட்டூன் பார்க்கக் கொடுத்த போனில் வாடிக்கையாளருக்கு முப்பது ஸ்டிக்கர் போகும், ஸ்டேட்டஸ் அழிந்துபோகும். இதைத் தடுக்க நாலு அமைப்புகள்:

• ஸ்கிரீன் பின்னிங்: ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதியில் 'ஆப் பின்னிங்' அல்லது 'ஸ்கிரீன் பின்னிங்' என்று இருக்கும். அதைப் போட்டுவிட்டால் பிள்ளை ஒரே ஒரு ஆப்பில்தான் இருக்க முடியும். வெளியே வர உங்க பின் எண் கேட்கும்படி வைக்கலாம்.

• ஆப் லாக்: வாட்ஸ்அப் பிசினஸ், யூபிஐ ஆப் இரண்டுக்கும் கைரேகைப் பூட்டு போடுங்க. பிள்ளை முன்னாடி யூபிஐ பின்னைச் சொல்லிக்கொண்டே தட்ட வேண்டாம். நாலைந்து வயசிலேயே எண்களை மனப்பாடம் பண்ணிவிடுவார்கள்.

• பிளே ஸ்டோர்: எதை வாங்கினாலும் பாஸ்வேர்டு கேட்கும்படி அமைப்பை மாற்றுங்க. கேம் விளையாடும்போது தெரியாமல் காசு போவது இதனால் நிற்கும்.

• பேக்கப்: வாட்ஸ்அப் பிசினஸில் தினசரி பேக்கப் போட்டு வையுங்க. போன் தண்ணீரில் விழுந்தாலும் ஆர்டர் விவரம் போகாது.

இன்னொரு விஷயம், கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியது. தொழில் ஸ்டேட்டஸில் பிள்ளையின் படம் போடும்முன் யோசிங்க. நீங்க தைத்த பட்டுப்பாவாடையைப் பாப்பா போட்டு நிற்பது அழகான விளம்பரம்தான். ஆனால் உங்க தொழில் எண்ணில் முன்பின் தெரியாதவர்களும் இருப்பார்கள். முகம் தெரியாமல் பாவாடையை மட்டும் எடுங்க. ஸ்கூல் யூனிஃபார்ம், ஐடி கார்டு, வேன் எண், வீட்டு வாசல் இவை படத்தில் வரக் கூடாது. 'பாப்பா ஸ்கூல் போயிட்டா, வீட்டில் நான் மட்டும்தான்' என்கிற மாதிரி ஸ்டேட்டஸும் வேண்டாம்.

கூகுள் மேப்பில் உங்க தொழிலைச் சேர்க்க நினைத்தால், வீட்டு முகவரியைக் காட்டாமல் 'இந்த ஏரியாக்களில் சேவை' என்று மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. வீட்டில் தனியாக வேலை செய்பவர்கள் அதையே தேர்ந்தெடுங்க.

பாடம் 7: காசு போகாமல் பார்த்துக்கோங்க

கையில் பிள்ளை, அடுப்பில் பால், வாசலில் வாடிக்கையாளர். இப்படி அவசரத்தில் இருப்பவர்களைத்தான் மோசடிக்காரர்கள் தேடுகிறார்கள். இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி மிஷின் பக்கத்தில் ஒட்டி வையுங்க.

1. ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீங்க. "பணம் போட்டுட்டேன்" என்று படம் காட்டினால், உங்க யூபிஐ ஆப்பிலோ வங்கி ஆப்பிலோ வரவு வந்திருக்கா என்று பாருங்க. போலி ஸ்கிரீன்ஷாட் செய்வது சுலபம்.

2. பணம் வாங்க பின் எண் தேவையே இல்லை. "பெரிய ஆர்டர், அட்வான்ஸ் அனுப்புறோம், க்யூஆரை ஸ்கேன் பண்ணிப் பின் போடுங்க" என்று யாராவது சொன்னால் அது மோசடி. பின் போட்டால் உங்க பணம்தான் வெளியே போகும்.

3. "தெரியாமல் கூடுதலாக அனுப்பிட்டேன், திருப்பி அனுப்புங்க" என்று வந்தால், முதலில் கணக்கில் உண்மையிலேயே வந்ததா பாருங்க. எஸ்எம்எஸ்ஸை மட்டும் நம்பக் கூடாது. யார் வேண்டுமானாலும் வங்கி மாதிரி மெசேஜ் எழுதி அனுப்பலாம்.

4. கல்யாணப் பத்திரிகை, அரசுத் திட்டம், கரண்ட் பில் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வருகிற 'ஏபிகே' ஃபைலைத் திறக்காதீங்க. அது போனையே அவர்கள் கைக்குக் கொண்டுபோகலாம்.

5. வாட்ஸ்அப்பில் 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' போடுங்க. எஸ்எம்எஸ்ஸில் வருகிற 6 இலக்க எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீங்க. தெரிந்தவர் எண்ணிலிருந்தே கேட்டாலும் சரி, அவரது வாட்ஸ்அப் ஏற்கனவே களவு போயிருக்கலாம்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீங்க. உடனே 1930 என்ற எண்ணை அழையுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீங்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் பதியலாம். உங்க வங்கிக்கும் சொல்லுங்க. போனே தொலைந்தால் சிம்மை நிறுத்தச் சொல்லி, போலீஸ் புகார் கொடுத்து, 'சஞ்சார் சாத்தி' தளத்தில் போனை முடக்கலாம். அதற்கு ஐஎம்இஐ எண் வேண்டும். இப்போதே *#06# என்று டயல் செய்து, வருகிற எண்ணை ரேஷன் கார்டு வைக்கிற பையில் எழுதி வையுங்க.

தொழிலுக்கு அடையாளம்: இரண்டு பதிவுகள்

உத்யம் பதிவு: சிறு தொழில் செய்கிற யாரும் பதிவு செய்யலாம், வீட்டுத் தொழிலுக்கும் உண்டு. ஆதார், பான், ஆதாரோடு இணைந்த போன் எண் இருந்தால் போனிலேயே முடித்துவிடலாம். இந்தப் பதிவுக்கு அரசு எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை. கூகுளில் தேடினால் மேலே வருகிற சில தளங்கள் அரசுத் தளம் மாதிரியே இருக்கும், ஆயிரம் இரண்டாயிரம் கேட்கும். முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு நிரப்புங்க.

உணவுப் பாதுகாப்புப் பதிவு: மாவு, பொடி, பலகாரம், கேக் என எது விற்றாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு வேண்டும். சிறு அளவில் விற்பவர்களுக்கு எளிய அடிப்படைப் பதிவே போதும். 'ஃபாஸ்கோஸ்' என்ற இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். கிடைக்கிற 14 இலக்க எண்ணை பாக்கெட் மேல் அச்சிடுங்க. முதல் தடவை வாங்குகிறவருக்கும் அது ஒரு நம்பிக்கை.

வந்த சான்றிதழ்களை போனில் ஒரு தனி ஃபோல்டரில் போட்டு வையுங்க. ஆதார், பான் போன்றவற்றை டிஜிலாக்கரில் எடுத்து வைத்துக்கொண்டால் வங்கிக்குப் போகும்போது பை நிறையக் காகிதம் தூக்க வேண்டாம். விண்ணப்பம் போடச் சிரமமாக இருந்தால் அருகில் உள்ள இ-சேவை மையத்தில் கேளுங்க. கடன், மானியத் திட்டங்கள் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் விவரம் சொல்வார்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் ஒரே சிம்தான் இருக்கிறது. தனி வாட்ஸ்அப் வைக்க முடியாதா?
இருக்கிற எண்ணையே வாட்ஸ்அப் பிசினஸுக்கு மாற்றிக்கலாம். பழைய சாட் எல்லாம் கூடவே வரும். குடும்பத்துக்கும் அதிலேயே பேசலாம், லேபிள் போட்டுப் பிரித்துக்கோங்க.

வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வயதானவர்கள், வாட்ஸ்அப் கிடையாது. என்ன செய்வது?
அவர்களுக்குப் பழைய முறையே நல்லது. அவர்கள் சொன்ன தேதியை நீங்க உங்க காலண்டரில் போட்டுக்கோங்க. கேஷ் வாங்கினால் அதையும் ஷீட்டில் ஏற்றுங்க. ஷீட்டில் ஏற்றாத கேஷ்தான் மாசக் கடைசியில் கணக்கில் இடிக்கும்.

தினம் எவ்வளவு நேரம் இதற்கு ஆகும்?
அமைப்புகளைப் போட முதல் வாரம் கொஞ்சம் நேரம் எடுக்கும். அப்புறம் ராத்திரி ஐந்து நிமிஷம், ஞாயிறு அரை மணி நேரம் போதும்.

பயிற்சி: இன்றைக்கே மூன்று வேலை

முதலாவது, பிள்ளையோடு இருக்கும் நேரம் எது என்று முடிவு செய்து அந்த நேரத்துக்கு அவே மெசேஜ் போடுங்க.

இரண்டாவது, கடந்த வாரம் நீங்க முடித்த ஒரு ஆர்டரை எடுத்து, வாங்கிய காசில் செலவைக் கழித்து, ஆன மணி நேரத்தால் வகுத்துப் பாருங்க. உங்க மணிக் கூலியை எழுதி வையுங்க.

மூன்றாவது, 1930 என்ற எண்ணை உங்க போனிலும் வீட்டில் இருக்கிற எல்லார் போனிலும் 'சைபர் உதவி' என்று சேமித்து வையுங்க.

இந்த மூன்றுக்கும் சேர்த்து அரை மணி நேரம் கூட ஆகாது. இந்த வாரம் இதை முடிங்க. அடுத்த வாரம் முதல் பாடத்தில் தொடங்கி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வாங்க. ஏதாவது ஓர் இடத்தில் தடுமாறினால், பக்கத்து வீட்டில் இதே மாதிரி தொழில் செய்கிற ஒருவரையும் சேர்த்து உட்கார வையுங்க. இரண்டு பேராகக் கற்றுக்கொண்டால் சீக்கிரம் கை வரும். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத வாரத்தில் ஒருவர் ஆர்டரை இன்னொருவர் பார்த்துக்கொள்ளவும் முடியும்.